திரும்பிய பாதங்கள்

திருஞானசம்பந்தம் என்பது முழுப் பெயர். பிள்ளையார்பாளையத்தில் எல்லோருக்கும் அவன் சம்பந்தம்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவன் மனைவி தையல்நாயகி உண்டாகியிருந்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை பார்க்கும் பரமசிவம் என்ற தம்பி ஒருவன்தான் பிறந்த வீட்டுச் சொந்தம். கல்யாணமாகாத பையன், மில்லுக்குப் பின்னாலேயே ஒரு அறையில் படுத்துக்கொள்கிறவன். தலைப்பிரசவத்துக்கு அங்கே எப்படி அனுப்புவது?

"ஏன், நான் ஒருத்தி இல்லியா? தையலுக்கு இதான் தாய்வீடு. இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள் சம்பந்தத்தின் அண்ணி, மூன்று பிள்ளை பெற்ற ஏலவார்குழலி. சொன்னதோடு நிற்கவில்லை. ஏழாம் மாதம் வளையல் போட்டாள், சாம்பல் கேட்டால் சாம்பல், மாங்காய் கேட்டால் மாங்காய் என்று வாய்க்கு வேண்டியதைத் தேடிக் கொடுத்தாள். அறுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை விடியலில் வலி கண்டதும் ரிக்‌ஷாவில் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான்.

சம்பந்தமும் அவன் அண்ணன் குமாரசாமியும் சைக்கிளில் பின்னால் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு இளநீர்க் கடை. அதன் ஓரமாக இருவரும் மூன்று மணி நேரம் நின்றார்கள். குமாரசாமி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், பேச்சு குறைவு. தகப்பனார் போனபோது சம்பந்தத்துக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து வளர்த்தவர் அண்ணன். அவர் முன்னால் சம்பந்தம் அதுவரை சத்தமாகச் சிரித்தது கிடையாது.

பத்து மணி சுமாருக்கு ஏலவார்குழலி வெளியே வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"பொண்ணு பொறந்திருக்குது. தையலு நல்லா இருக்கா" என்றாள். சம்பந்தம் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஒண்ணு சொல்றேன், பதறாம கேளு தம்பி. கொழந்தைக்குப் பாதம் ரெண்டும் உள்பக்கமா திரும்பிக்கினு இருக்குது. மத்தபடி ஒரு கொறயும் இல்ல. நீயா போய்ப் பாத்துத் திடுக்கிடக் கூடாதுன்னுதான் மின்னாடியே சொல்றேன்."

சம்பந்தம் அண்ணனைப் பார்த்தான். குமாரசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

தையல்நாயகி கண் மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணிச் சுருளில் குழந்தை. கறுகறுவென்று முடி, தையலின் அதே மூக்கு, பால் தேடி அசையும் சின்ன வாய். இத்தனை அழகான முகத்தை அவன் எதிர்பார்க்கவேயில்லை. நெஞ்சு நிறைந்து அவன் குனிந்தபோது நர்ஸ் தேவகி துணியை விலக்கிக் காட்டினாள். இரண்டு உள்ளங்காலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன. கணுக்காலுக்குக் கீழே யாரோ பிடித்துத் திருகி வைத்ததுபோல் இருந்தது.

"இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. இப்பிடிப் பொறக்கிற கொழந்தைங்க இருக்குது" என்றாள் நர்ஸ். "எலும்பு இன்னும் மெழுகாட்டம் இருக்குது. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமா நேராக்கி மாவுக்கட்டு போடுவாங்க. எவ்ளோ சீக்கிரம் போறீங்களோ அவ்ளோ நல்லது. தீட்டு கழியட்டும், மாசம் கழியட்டும்னு உக்காந்துக்கினு இருக்காதீங்க."

அவள் அந்தப் பக்கம் போனதும் சம்பந்தம் துணியை இழுத்துக் குழந்தையின் காலை மூடினான். ஏன் மூடினான் என்று அவனைக் கேட்டால் குளிருக்கு என்று சொல்லியிருப்பான். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் தெருவில் வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்தான். பெண் குழந்தை என்றான், தாயும் பிள்ளையும் சுகம் என்றான். வேறு பேச்சு வருவதற்குள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தான். மைத்துனன் பரமசிவத்துக்கு ஒரு கார்டு எழுதினான். அதிலும் அதே இரண்டு வரிதான். பேனாவை மூடிவைத்த பிறகும் அந்தக் கார்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். பக்கத்து வீட்டு எல்லம்மாள் பார்க்க வந்தாள். நல்லவள்தான், ஆனால் மனசில் பட்டதை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவள். ஏலவார்குழலி குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தாள்.

"ஐயோ, இன்னாம்மா இது! புரட்டாசி கிரகணத்துல வெளிய கிளிய வந்தியா தையலு? அருவாமணய தொட்டியா?"

தையலின் முகம் சுண்டிப்போனது. கூடத்தில் நின்றிருந்த சம்பந்தத்துக்கு அது தெரிந்தது. உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். கால் எழவில்லை. அண்ணியின் குரல்தான் கேட்டது.

"அன்னிக்கு இவள ரூம்ப விட்டு நான் நவரவே உடல எல்லம்மா. நான்தான் வெளிய நின்னு பாத்துக்கினு இருந்தேன். அந்தக் கிரகணம் ஊருக்கே புடிச்சுது. நம்ம தெருவுல மட்டும் அப்ப நாலு பேரு முழுவாம இருந்தாங்க. அவங்க புள்ளைங்க எல்லாம் இன்னா ஆச்சு? கம்முனு உக்காரு. கொழந்தைய கையில வாங்கு. எப்பிடி முழிக்குது பாரு உன்ன."

எல்லம்மாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டாள். அரை நாழிகை வைத்திருந்தாள். போகும்போது தையலின் தலையைத் தடவி, "மனசுல வெச்சுக்காதம்மா, என் வாய் அப்பிடி" என்றுவிட்டுப் போனாள். மறுநாள் காலை அவள் வீட்டுப் பழைய வேட்டி இரண்டு துவைத்து மடித்து வந்து சேர்ந்தது, குழந்தைக்குத் துணியாக.

சம்பந்தத்துக்குத்தான் நிலைகொள்ளவில்லை. தறிக் குழியில் இறங்கினால் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெசவுக்காரன் கையின் திறமை சேலையில் தெரியும். கால் செய்கிற வேலை குழிக்குள் மறைந்து கிடக்கும். இத்தனை வருஷமாக மிதியை மிதிக்கிற இந்தக் கால்களை அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அவற்றைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. இவள் எப்படி நடப்பாள்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன பெயர் வைத்துக் கூப்பிடும்? நாளைக்கு இவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? நினைவு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. இழை இரண்டு முறை அறுந்தது.

அது கோர்வைச் சேலை. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாக ஓட்டிக் கோத்து நெய்வது. ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். குமாரசாமி ஒரு பக்கம், சம்பந்தம் ஒரு பக்கம். கோர்வையில் குமாரசாமி கை பட்டால் கரையும் உடலும் சேர்ந்த இடம் விரலுக்கே தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. வேறு மாதிரிச் சேலையை அவர் தொட்டே பத்து வருஷம் இருக்கும்.

வாரா வாரம் வேலூர் போக வேண்டும் என்பதை அவரிடம் எப்படிக் கேட்பது என்றே சம்பந்தத்துக்குத் தெரியவில்லை. ஒருவன் போனால் தறி நின்றுவிடும். அது ஒன்று. பதினாறு நாள் தீட்டு. பிள்ளை பெற்றவளும் பச்சைக் குழந்தையும் வாசல்படி தாண்டக் கூடாது. ஆசாரத்தில் அண்ணன் துளி விட்டுக்கொடுக்காதவர். அது இன்னொன்று. நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் சொன்ன மெழுகு ஒவ்வொரு மணிக்கும் இறுகிக்கொண்டே வருவதாக அவனுக்குத் தோன்றியது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அந்தச் சேலை முடிந்தது. அறுத்து மடித்து எடுத்துக்கொண்டு குமாரசாமி முதலாளி வீட்டுக்குப் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார். கையில் அடுத்த சேலைக்கான புதுப் பாவு நூல் கட்டு. கூடத்தில் வைத்துப் பிரித்தார். சம்பந்தம் பார்த்தான். ஒரே நிறம், சின்னக் கரை.

"இன்னாண்ணா இது? ஒத்த ஆள் சேலையா இருக்குது?"

"ஆமா. ஆறு மாசத்துக்குக் கோர்வை வேணாம்னு சொல்லிட்டேன். நான் ஒருத்தனே உக்காந்து நெய்ஞ்சுக்குவேன். நீ நாளைக்கு மொத பஸ்சுக்கு இவங்கள கூட்டிக்கினு வேலூர் போ."

"தீட்டு..." என்று இழுத்தான் சம்பந்தம்.

குமாரசாமி பாவின் நுனியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "தீட்டுன்னா கோயிலுக்குப் போவக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

அவ்வளவுதான். எழுந்து கைகால் கழுவப் போய்விட்டார். அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏலவார்குழலி சம்பந்தத்தைப் பார்த்து, "நிக்கிறியே, போய் தையலுகிட்ட சொல்லு. வழிக்குப் புளிசாதம் கிண்டணும் எனக்கு" என்றாள். அண்ணன் தனக்காகக் கோர்வையை விட்டுவிட்டார் என்ற நினைப்போடு சம்பந்தம் உள்ளே போனான். தையலிடம் சொல்லும்போது அவன் அழுதுவிட்டான். அவள் அழவில்லை. "நான் நேத்தே துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். மாமா அனுப்புவாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாள் சம்பந்தமும் தையலும் அண்ணியும் குழந்தையோடு கிளம்பினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் முனுசாமி பச்சைக் குழந்தையைப் பார்த்ததும் முன்சீட்டில் இருந்த இரண்டு பேரை எழுப்பி இடம் கொடுத்தார். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை மேல் பஸ் போகும்போது சிலுசிலுவென்று காற்று. ஏலவார்குழலி முந்தானையை விரித்துத் தாயையும் பிள்ளையையும் மறைத்துக்கொண்டாள். "எங்கம்மா போறீங்க, இத்தினிகாணு கொழந்தைய வெச்சுக்கினு?" என்று பின்சீட்டுக்காரர் கேட்டார். சம்பந்தம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணிதான் பதில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மலையாளத்து டாக்டர் ஒருவர். தலை நரைத்தவர். குழந்தையின் பாதத்தைத் தன் கட்டைவிரல் மேல் வைத்து மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். "நல்ல சமயத்தில் வந்தீங்க. ஆறாம் நாளே கொண்டுவந்தது யார் சொல்லி?" என்றார். "கொழந்தையோட பெரியப்பா" என்றாள் ஏலவார்குழலி.

ஈரமான கட்டுத் துணியைச் சுற்றச் சுற்றக் குழந்தை வீறிட்டது. சம்பந்தத்தால் நிற்க முடியவில்லை. வெளித் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டான். அங்கே பெஞ்சில் வரிசையாகத் தாய்மார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு குழந்தை, வெள்ளைக் கட்டுப் போட்ட கால்களோடு. ஒருத்தி ஆரணிப் பக்கம், ஒருத்தி சித்தூர். யாரும் மூடி மறைக்கவில்லை. ஆரணிக்காரி தன் மகனின் கட்டின் மேல் கரியால் ஒரு பொட்டு வைத்திருந்தாள், கண் படக் கூடாதாம். சம்பந்தம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

உள்ளே எட்டிப் பார்த்தபோது தையல், வலியோடு குனிந்து, குழந்தையின் காதருகில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிரசவமாகி ஆறு நாள். உட்காரவே முடியாத உடம்பு. இவளுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவன் வியந்தான். கல்யாணமான புதிதில் பல்லியைப் பார்த்து அலறினவள்!

இரண்டாம் முறையும் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தார்கள். பதினாறாம் நாள் வந்தது. வீடு கழுவி, தீட்டுக் கழித்து, தொட்டில் போட்டுப் பெயர் வைக்கும் நாள். கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்டி, சுற்றிலும் மல்லிகைச் சரம் விட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கூடம் நிறைய வந்துவிட்டார்கள். குமாரசாமியின் பெரிய மாமா குப்புசாமி, எண்பது வயது, செவிலிமேட்டிலிருந்து வந்திருந்தார். பரமசிவம் வாலாஜாபாத்திலிருந்து வந்து இறங்கினான். தாய்மாமன் அல்லவா, பட்டுச் சட்டையும் வெள்ளி அரைஞாணும் வாங்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்தான்.

சம்பந்தம் காலையிலேயே உள் அறைக்குப் போய் ஒரு காரியம் செய்தான். எல்லம்மாள் கொடுத்த வேட்டித் துணியில் குழந்தையை மார்பிலிருந்து பாதம் வரை இறுக்கமாகச் சுற்றினான். முகம் மட்டும் வெளியே. தையல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடியே தொட்டில்ல போட்டுடு. பாத்துட்டுப் போவட்டும். எல்லாரும் சாப்ட்டுப் போன அப்பால அவுத்துக்கலாம்" என்றான்.

நல்ல நேரம் வந்ததும் தையல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி குலவையிட்டாள். தையல் தொட்டில் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நிதானமாகத் துணியை அவிழ்த்தாள். தொடையிலிருந்து விரல்களின் அடி வரை கெட்டியான வெள்ளைக் கட்டுப் போட்ட இரண்டு குட்டிக் கால்கள் வெளியே வந்தன. ஓரத்தில் பத்து விரல்கள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன.

"அடடா, பாவம்" என்றார் குப்புசாமி.

"பாவம்னு சொல்லாதீங்க தாத்தா" என்றாள் தையல். அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பாதம் உள்ள திரும்பிக்கினு பொறந்தா. வேலூர்ல கட்டு போடறாங்க, ஆறு மாசத்துல நேராயிடும்னு டாக்டர் சொன்னாரு. நேரா ஆனாலும் ஆவலன்னாலும் இவ இந்த வூட்டுப் பொண்ணு. இவ கால மூடி மூடி எத்தினி நாளு வளக்கறது? எல்லாரும் இன்னிக்கே பாத்துக்குங்க. அப்பால யாரும் எட்டி எட்டிப் பாக்க வேணாம்."

சம்பந்தம் தூணோடு தூணாக நின்றான். அவள் தன் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை அவனைக் குறை சொல்லவும் இல்லை. அதனாலேயே அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தோடு வேறொன்றும் இருந்தது. இந்தப் பெண்ணுக்கா நான் புருஷன் என்ற ஒரு பெருமிதம்.

அப்போது குமாரசாமி முன்னால் வந்தார். பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். தையல் குழந்தையைக் கொடுத்தாள். பெரியவர் சின்னவர் காலைத் தொடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. குமாரசாமி, குழந்தையின் கட்டுப் போட்ட கால்கள் இரண்டையும் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். முதலில் வலது கண், பிறகு இடது கண்.

"நம்ம ஊரு அம்பாளு நின்னுக்கினா இருக்கா?" என்றார் பொதுவாக. "கால மடக்கிப் போட்டுக்கினு உக்காந்துதான இருக்கா. இவளும் வயித்துக்குள்ள அப்பிடியே உக்காந்து பழகிட்டா போல. பேரு காமாட்சி."

குனிந்து குழந்தையின் வலது காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். ஏலவார்குழலி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னா பாத்துக்கினு இருக்கீங்க, பாடுங்களேண்டி" என்று பெண்களைப் பார்த்து அதட்டினாள். எல்லம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள். அவளுக்கு நல்ல குரல்.

சாப்பாடு முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் பரமசிவம் சம்பந்தத்தைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனான்.

"ஏன் மாமா, கார்டுல இத எழுதல?"

"தைரியம் வரல பரமசிவம். உன் அக்காவுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்ல."

"நான் யாரோவா? நான் இவளுக்குத் தாய்மாமன் மாமா." கோபமாகத்தான் ஆரம்பித்தான், பாதியிலேயே குரல் உடைந்தது. "சரி, வுடுங்க. எந்தக் கெழம போறீங்க?"

"புதன்கெழம."

"மேஸ்திரிகிட்ட பேசி லீவ மாத்திக்கறேன். ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான். அண்ணன் ஒண்டியா தறியில கஷ்டப்படறாரு இல்ல?"

அப்படித்தான் நடந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று புதன்கிழமைகள் போயின. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. வைகாசியில் கருட சேவை புதன்கிழமையோடு வந்து ஊரெல்லாம் ஜனம் அடைத்து பஸ் நிற்கும் இடமே மாறிப்போனது. அன்று பரமசிவம் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தே போய்ப் பஸ்ஸைப் பிடித்தான். "கால்ல கட்டு, பாத்துப்பா, பாத்துப்பா" என்று சொல்லச் சொல்ல, முன்பின் தெரியாதவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். சாயங்காலம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

காமாட்சியும் லேசுப்பட்டவள் இல்லை. கட்டுப் போடும்போது அழுவாள். முடிந்த மறு நிமிஷம் டாக்டரின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுப்பாள். மூன்றாம் மாதம் குப்புறக் கவிழப் பார்த்தாள். கட்டின் கனம் இழுத்தது. முக்கி முனகி, முகம் சிவந்து, பாதி புரண்டு விழுந்து, மறுபடி முயன்றாள். ஒரு நாள் மத்தியானம் குமாரசாமி தறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சம்பந்தம் கண்டான். ஐந்தாம் முறை கவிழ்ந்துவிட்டாள். தலையைத் தூக்கிப் பெரியப்பாவைப் பார்த்தாள். "சபாஷ்" என்றார் குமாரசாமி. சம்பந்தத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் முன்னால் வாய்விட்டுச் சிரித்தான். அண்ணனும் சிரித்தார்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "குழந்தை காலுக்கு இன்னாங்க?" என்று கேட்டார். சம்பந்தம் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தான். "பாதம் திரும்பிப் பொறந்துதுங்க. இது பதினேழாவது கட்டு. இப்ப முக்காவாசி நேராயிடுச்சு, பாருங்க" என்று கட்டின் மேலேயே விரலால் கோடு போட்டு, எங்கே இருந்தது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ராணிப்பேட்டை வரைக்கும் விளக்கிக்கொண்டு போனான். பக்கத்து சீட்டில் தையல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த முனுசாமி, "இவரு ஆரம்பிச்சா நிக்க மாட்டாருங்க, நீங்க எறங்கற எடத்த விட்டுடாதீங்க" என்றார்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம் டாக்டர் கடைசிக் கட்டை அறுத்தார். உள்ளே பாதங்கள் மெலிந்து, தோல் உரிந்து, வெளுத்துப்போயிருந்தன. ஆனால் நேராக இருந்தன. இரண்டு உள்ளங்காலையும் டாக்டர் தன் உள்ளங்கையில் நிறுத்திவைத்தார். இடது கால் வலதை விட ஒரு நூல் சிறுத்திருந்தது. "அது அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் பயப்படண்டா" என்றார். பாதம் மறுபடி திரும்பாமல் இருக்க இரவில் போட ஒரு இரும்புப் பட்டையும் அதில் பொருத்திய செருப்பும் கொடுத்து, எப்படி மாட்டுவது என்று காட்டினார். நடக்க மற்றப் பிள்ளைகளை விட மூன்று நான்கு மாதம் கூடப் பிடிக்கலாம் என்றும் சொன்னார். டாக்டர் காலில் விழப்போன தையலை ஏலவார்குழலி பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டு அவள் தானே கை எடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை வீட்டுக் கொல்லையில் பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்தது. பிறந்ததிலிருந்து காமாட்சியை ஈரத் துணியால் துடைத்துத்தான் எடுத்திருந்தார்கள். கட்டு நனையக் கூடாதே. இன்றுதான் தலைக்கு ஊற்றப்போகிறார்கள். ஏலவார்குழலி முட்டிக்கு மேல் புடவையைச் சுருட்டிக்கொண்டு, பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். காமாட்சியைக் காலின் மேல் கிடத்தி நல்லெண்ணெய் தேய்த்தாள். எல்லம்மாள் கடலைமாவு கரைத்துக்கொண்டு வந்தாள். அண்ணியின் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக மாட்டோம் என்று சுற்றி நின்றன. குமாரசாமி பூஜைக்குப் பூப்பறிக்க வந்தவர் கூடையோடு அங்கேயே நின்றுவிட்டார்.

"நீதான் ஊத்தணும் தம்பி. மொத சொம்பு நீ ஊத்து" என்றாள் அண்ணி.

சம்பந்தம் வெந்நீரை விளாவி, புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து, சொம்பைத் தாழ்த்திக் குழந்தையின் பாதங்களின் மேல் ஊற்றினான். பாதத்தில் இப்படித் தண்ணீர் விழுவது காமாட்சிக்கு வாழ்க்கையில் முதல் முறை. ஒரு கணம் அசையாமல் இருந்தாள். கண் அகன்றது. என்னவோ பெரிய விஷயத்தை யோசிப்பதுபோல் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு இரண்டு காலையும் ஓங்கி ஓர் உதை உதைத்தாள். எல்லம்மாளின் கையிலிருந்த கிண்ணம் சரிந்து கடலைமாவு கொட்டியது. மறு உதையில் குமாரசாமியின் விபூதியெல்லாம் கரைந்து மூக்கு வழியாக ஓடியது. பிள்ளைகள் கூத்தாடின.

"எவ்ளோ பலம் பாத்தீங்களா!" என்றாள் தையல். சிரிப்பும் அழுகையுமாக அவளுக்கு மூச்சு முட்டியது.

காமாட்சி தண்ணீர் நின்றுவிட்டதைக் கவனித்தாள். முகத்தைக் கோணிக்கொண்டு தகப்பனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"கேக்கறா பாரு, ஊத்துப்பா" என்றார் குமாரசாமி, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலேயே.

சம்பந்தம் அடுத்த சொம்பை மொண்டான்.